பழைய ஸ்டூலில் குடும்பப் படங்கள்: முதல்முறை டிகூபாஜ் செய்கிறவர்களுக்கு

தாளில் உள்ள படங்களை வெட்டி, மரச்சாமானில் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசும் வேலைதான் டிகூபாஜ். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. ஆல்பத்தில் இருக்கும் அசல் படத்தை எடுத்து மரத்தில் ஒட்டாதீர்கள். நான் ஒட்டினேன். ஒரு மரப்பெட்டி மூடியில், பாட்டி வாசலில் நின்றபடி சிரிக்கும் படம், வேறு பிரதி கிடையாது. வெள்ளைப் பசையைத் தடவி அழுத்தினேன், பத்து நிமிஷத்தில் நான்கு மூலையும் வாழைப்பட்டை மாதிரி மேலே சுருண்டு வந்தது. மேலே புத்தகங்களை அடுக்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் புத்தகத்தைத் தூக்கியபோது பாட்டியின் பாதித் தலைமுடி அட்டையோடு சேர்ந்து வந்துவிட்டது.

ஏன் அப்படி ஆனது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஸ்டுடியோவில் கழுவித் தரும் வண்ணப்படத் தாளுக்கு முன்னும் பின்னும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு, அதனால் தண்ணீர் கலந்த பசை உள்ளே இறங்க வழியில்லை. உருவம் இருக்கும் மேல்படலமோ ஜெலட்டின், அது ஈரம் பட்டால் உப்பி இளகிவிடும். பின்பக்கம் பசையைப் பிடிக்காது, முன்பக்கம் எதிலாவது போய் ஒட்டிக்கொள்ளும். இதைவிடப் பொருத்தமில்லாத தாள் இந்த வேலைக்குக் கிடைக்காது. ஆகவே எப்போதும் பிரதிதான். அசலை ஸ்கேன் செய்துவிட்டு ஆல்பத்துக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

டிகூபாஜ் என்பது பிரெஞ்சில் 'வெட்டியெடு' என்ற வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர். 18-ஆம் நூற்றாண்டில் வெனிஸில் கிழக்கு நாடுகளின் லாக்கர் (பளபளப்பாக இறுகும் மரப்பூச்சு) பூசிய மேஜை, அலமாரிகளுக்குப் பெரிய மோகம் இருந்தது. கையால் வரைந்து லாக்கர் பூச ஆகும் செலவைத் தவிர்க்க, அச்சடித்த படங்களுக்கு வண்ணம் தீட்டி, வெட்டி, ஒட்டி, மேலே அடுக்கடுக்காக வார்னிஷ் பூசினார்கள். 'லாக்கா போவெரா', ஏழையின் லாக்கர், என்று அதற்குப் பெயர். இதை ஏன் சொல்கிறேன் என்றால் அன்றைய சோதனைதான் இன்றைக்கும்: கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் தாளின் விளிம்பு தட்டுப்படக் கூடாது.

எதில் தொடங்குவது? ஒரு ஸ்டூல், ஒரு பெட்டி, ஒற்றை டிராயர் வைத்த சின்ன மேஜை, இதற்கு மேல் முதல்முறை ஆசைப்பட வேண்டாம். தட்டையான பரப்பாக இருக்க வேண்டும், வளைவும் செதுக்கலும் உள்ள நாற்காலிக் கால்களை விட்டுவிடுங்கள். தண்ணீர் தெறிக்கும் இடத்திலும் வெயிலிலும் இருக்கப்போகிற சாமான் வேண்டாம். இன்னொன்று, இது தொழில்நுட்பம் அல்ல, ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்: யாருடைய முகத்தை எங்கே வைக்கிறீர்கள்? ஸ்டூலின் உட்காரும் பலகையில் தாத்தா முகத்தை ஒட்டிவிட்டு அதன்மேல் யாரை உட்காரச் சொல்வீர்கள்? அங்கே பழைய வீடு, மரம், கடற்கரை, சைக்கிள் மாதிரியான படங்களைப் போட்டுவிட்டு முகங்களைப் பக்கவாட்டுக்கும் டிராயர் முன்பக்கத்துக்கும் கொண்டுபோய்விடுங்கள்.

படத்தைத் தயார் செய்வது

இருபது பேர் வரிசையாக நிற்கும் குழுப்படம் ஆல்பத்தில் அழகாக இருக்கும், மேஜையில் ஒட்டினால் இரண்டடி தள்ளி நின்றாலே எறும்பு வரிசையாகிவிடும். ஒருவர், இருவர், அதிகபட்சம் நான்கு பேர் உள்ள, வெளிச்சமும் நிழலும் தெளிவாகப் பிரியும் படங்களை எடுங்கள். வெவ்வேறு காலத்துப் படங்களைக் கலக்கும்போது ஒன்று மஞ்சளடித்து, ஒன்று நீலமடித்து, ஒன்று போனில் எடுத்துப் பளபளவென்று நிற்கும். எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளைக்கோ பழுப்பு நிறத்துக்கோ மாற்றிவிட்டால் ஒரே குடும்பமாகிவிடும். வண்ணம்தான் வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், என் கண்ணுக்கு அது நோட்டீஸ் பலகை மாதிரிதான் தெரிகிறது.

ஸ்கேன் செய்யும்போது, ஒட்டப்போகிற அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருந்தால் போதும். படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 600-இல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோரம், நேர்வெயில் படாத இடத்தில் படத்தைக் கிடத்தி, போனை அதற்கு இணையாகப் பிடித்து எடுத்தாலும் ஒப்பேறும், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.

பிரிண்ட் கொடுப்பதற்கு முன் படத்தை இரண்டு மூன்று படி வெளிச்சமாக்குங்கள். பசையும் வார்னிஷும் ஏறியதும் படம் ஒரு சுற்றுக் கறுத்துப்போகும். திரையில் கொஞ்சம் வெளிறித் தெரிகிற படம்தான் மரத்தில் சரியாக வரும்.

அடுத்தது பிரிண்டர். லேசர் பிரிண்ட் அல்லது கலர் ஜெராக்ஸ்தான் இதற்கு ஏற்றது. அதில் வருவது மை அல்ல, பிளாஸ்டிக் துகள், சூட்டில் உருகித் தாளில் பிடித்துக்கொள்வதால் தண்ணீருக்கு அசையாது. வீட்டில் வைத்திருக்கும் இங்க்ஜெட் பிரிண்டர்களில் பலவற்றின் மை தண்ணீரில் கரையும். பிரஷை வைத்த நொடியில் அம்மாவின் பொட்டு கன்னத்துக்கு வழியும். எது என்று தெரியவில்லை என்றால் ஒரு ஓரத்தில் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், விரலில் நிறம் வந்தால் இங்க்ஜெட் மை. அதுதான் இருக்கிறது என்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, நிறமில்லாத அக்ரிலிக் ஸ்பிரேயை மெல்லிசாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் காயவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடித்துக்கொள்ளுங்கள். அப்படியும் பசை பூசும்போது ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கக் கூடாது.

தாள் சாதாரண 80 ஜிஎஸ்எம் (ஜெராக்ஸ் தாளின் கனம்) போதும். கனமான அட்டைத்தாள் 'நல்ல குவாலிட்டி' என்று தோன்றும், ஆனால் அது விளிம்பில் படிகட்டு மாதிரி நிற்கும், எத்தனை கோட் வார்னிஷ் போட்டாலும் மறையாது. ஒவ்வொரு படத்திலும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கிழியும், ஒன்று கோணலாக ஒட்டும்.

மரத்தைத் தயார் செய்வது

கைப்பிடி, கீல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய மெழுகு பாலிஷும் போகும்வரை துடைத்துக் காயவிடுங்கள். பிறகு 120 நம்பர் உப்புத்தாள், அதன்பின் 220, மர ரேகை போகும் திசையிலேயே. பளபளப்பு போய் மங்கலானால் போதும், மரத்தைக் கரைத்தெடுக்க வேண்டியதில்லை. ஆணி ஓட்டை, பள்ளம் இருந்தால் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்துவிடுங்கள், சின்னப் பள்ளமும் படத்துக்கு அடியில் போனபின் பெரிதாகத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை: மிகப் பழைய சாமானில் உள்ள பெயின்டில் ஈயம் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் கூடாது. அந்தச் சாமானை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள்.

லேமினேட் ஒட்டிய பலகை என்றால் உப்புத்தாளால் நன்றாகக் கீறிவிட்டு, வழவழப்பான பரப்பில் பிடிக்கக்கூடிய பிரைமர் ஒரு கோட் அடித்தால்தான் மேலே எதுவும் நிற்கும்.

அப்புறம் வெள்ளை. படம் வரும் இடம் முழுக்க வெள்ளை அல்லது மிக வெளிர்ந்த பெயின்ட் இரண்டு கோட். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், 'மரத்தின் அழகு தெரியட்டுமே' என்று. சரி, ஒரு சோதனை செய்து பாருங்கள். வேண்டாத பிரிண்டில் ஒரு முகத்தை வெட்டி, பசை தடவி, கறுத்த மரத்தில் ஒட்டுங்கள். ஒரு நிமிஷத்தில் கன்னமும் நெற்றியும் வெள்ளைச் சட்டையும் பழுப்பாகி, அந்த ஆள் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி ஆகிவிடுவார். பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் வெறும் தாள், அந்தத் தாள் பசையைக் குடித்ததும் கண்ணாடி மாதிரி ஆகிப் பின்னால் இருப்பதைக் காட்டிவிடும். சில மரங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: மரத்திலுள்ள துவர்ப்புச் சாயம் ஈரத்தோடு மேலேறி, வெள்ளைப் பெயின்டையும் தாண்டி மஞ்சள் கறையாக வரும். முதல் கோட்டிலேயே அப்படித் தெரிந்தால் மேலே மேலே பெயின்ட் அடித்துப் பயனில்லை, அவலரக்கு (ஷெல்லாக்) கலந்த பிரைமர் ஒரு கோட் போட்டால் கறை அங்கேயே நின்றுவிடும்.

வெட்டுவதும் அடுக்குவதும்

கத்தரிக்கோல் சின்னதாக, நுனி வளைந்ததாக இருந்தால் நல்லது. கத்தரிக்கோலை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு தாளைச் சுற்றுங்கள். நம் கை தானாகவே கத்தரிக்கோலைத் திருப்பப் பார்க்கும், அப்போதுதான் வளைவு முனைமுனையாக வரும். வெட்டும் கையைச் சற்றே சாய்த்து, விளிம்பு உள்நோக்கிச் சரிவாக வரும்படி வெட்டினால் மேலிருந்து பார்க்கும்போது தாளின் வெள்ளை வெட்டு தெரியாது. அப்படியும் தெரிந்தால் அந்த இடத்து நிறத்துக்கு ஏற்ற கலர் பென்சிலை விளிம்பில் ஓட்டிவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சாதாரண பென்சிலே போதும். சின்ன வேலைதான், ஆனால் ஒட்டிய படம் ஒட்டியதாகத் தெரியாமல் இருப்பதில் பாதி இதில்தான் இருக்கிறது.

பறக்கும் முடியை இழை இழையாக வெட்டப் பார்க்காதீர்கள். தலையின் உருவத்தை மட்டும் பிடித்து வளைத்துவிடுங்கள். கை பழகவில்லையே, வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு ஓர் ஆளைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற அம்மாள் 1770-களில், 70 வயது தாண்டிய பிறகு, வண்ணத்தாளை வெட்டி ஒட்டிப் பூக்களைச் செய்ய ஆரம்பித்தார், கண்பார்வை மங்குவதற்குள் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பூக்கள். அவை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. நமக்கு ஒரு ஸ்டூல்தானே.

ஒட்டுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் உலர்வாகப் பரப்பி, பெயின்டர்கள் பயன்படுத்தும் தாள் டேப்பால் லேசாகப் பிடித்துவைத்து, ஓரிரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். வீட்டில் போகும்போது வரும்போது கண்ணில் படும், எது இடிக்கிறது என்று தானாகத் தெரியும். டிராயர் உள்ள சாமானில் கைப்பிடி வரும் இடத்தை முதலிலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், மாமாவின் மூக்கில் திருகாணி இறங்கிய ஒரு மேஜையை நான் பார்த்திருக்கிறேன். ஒரே படம் இரண்டு டிராயர்களைத் தாண்டிப் போகிறது என்றால் கண்ணும் வாயும் இடைவெளியில் விழாமல் நகர்த்துங்கள். அடுக்கு பிடித்துப்போனதும் போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கலையுங்கள், இல்லாவிட்டால் பசைக் கையோடு நின்று யோசிக்க வேண்டிவரும்.

ஒட்டுவது

இதற்கென்றே விற்கும் டிகூபாஜ் பசை உண்டு, மோட் பாட்ஜ் மாதிரி. அது இல்லையென்றால் மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பிவிஏ பசை மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, கலக்கினால் பால் ஆடை பதத்துக்கு வர வேண்டும்.

இனி நடக்கப்போவதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். தாள் நனைந்தால் வளரும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளராது, அதன் நார் ஓடும் திசைக்குக் குறுக்காகத்தான் அதிகம் வளரும். உலர்ந்த தாளை ஈரப் பசைமேல் வைத்தால் அது அங்கேயே கிடந்து வளரப் பார்த்து, போக இடமில்லாமல் மேலே மடிந்து எழும். நாம் பார்த்துப் பதறும் சுருக்கம் அதுதான். ஆகவே முன்னாலேயே வளரவிட்டுவிடுங்கள். படத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி, ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். முதலில் ஓரங்கள் சுருண்டு எழும், பிறகு மெல்லத் தளர்ந்து துணி மாதிரி படுத்துக்கொள்ளும். அதற்குள் மரத்திலும் ஒரு மெல்லிய பூச்சு. இப்போது இரு கையாலும் எடுத்து, ஒரு விளிம்பைக் குறியில் வைத்து மெதுவாக இறக்குங்கள்.

மேலே ஒரு பிளாஸ்டிக் உறையோ மெழுகுத்தாளோ வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சின்ன ரோலரால், அல்லது துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டால் தள்ளுங்கள். வெளியே பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும். காற்று மாட்டிக்கொண்டால் ஊசியால் ஒரு குத்துக் குத்தி அழுத்துங்கள். முடி கனத்துக்குச் சுருக்கம் ஒன்றிரண்டு நின்றால் கையை எடுத்துவிடுங்கள். காயும்போது தாள் சுருங்கித் தானாகவே பெரும்பாலும் இழுத்துக்கொள்ளும். முதல்முறை செய்கிறவர்கள் படத்தைக் கெடுப்பது இங்கேதான், ஊறிய தாளைத் திரும்பத் திரும்பத் தேய்த்து ஓட்டை போட்டுவிடுவார்கள். என்னால் கையை எடுக்க முடியாது என்று தெரிந்ததால் ஒட்டி முடித்ததும் அறையைவிட்டே போய்விடுவேன்.

ஒரு நாள் காயட்டும். மறுநாள் விரலால் எல்லா விளிம்பையும் தடவிப் பாருங்கள், எங்காவது தூக்கியிருந்தால் பல்குத்தும் குச்சியில் பசையைத் தொட்டு உள்ளே விட்டு அழுத்துங்கள். டிராயர் இடுக்கைத் தாண்டி ஒட்டியிருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு புது பிளேடால் இடுக்கு நெடுகக் கீறி, கீறிய விளிம்புகளுக்கும் பசை கொடுங்கள். ஈரத்தில் கீறினால் தாள் இழுபட்டுக் கிழியும். கைப்பிடிக்கான ஓட்டையையும் இப்போதே பிளேடால் திறந்துவிடலாம்.

மேல்பூச்சு

அதே பசையை மெல்லிசாக இரண்டு கோட் படத்தின் மேலும் சுற்றிலும் அடியுங்கள். பூசும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு, சுவரில் மாட்டும் சட்டத்துக்கு அது சரி. மேஜைக்கு உதவாது. பிவிஏ சூடும் ஈரமும் பட்டால் இளகும். மேலே வைத்த டம்ளர் ஒட்டிக்கொண்டு வரும், மூடிய டிராயர் திறக்க மறுக்கும்.

அதனால் மேலே வார்னிஷ், தண்ணீரில் கரைக்கும் வகை. எண்ணெய் வகை உறுதிதான், ஆனால் போகப்போக மஞ்சளாகும், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அது ஆகாது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் என்று டப்பாவில் போட்டிருந்தால் இன்னும் நல்லது, நிறம் வெளுப்பதைத் தள்ளிப்போடும். மென்மையான பிரஷ், மெல்லிய கோட், ஒவ்வொன்றும் டப்பாவில் சொன்ன நேரம் காய வேண்டும். மூன்று கோட் ஏறும்வரை உப்புத்தாளைத் தொடாதீர்கள், நேராகப் படத்தில் போய் இறங்கும். அதன்பின் 400 நம்பரை லேசாக நனைத்து, கை பாரம் கொடுக்காமல் தடவி, துடைத்து, அடுத்த கோட். ஐந்தாறு கோட்டில் பிழைக்கக்கூடிய ஒரு சாமான் கிடைத்துவிடும். விளிம்பே தட்டுப்படாத அந்தப் பழைய வேலைப்பாட்டுக்கு முப்பது நாற்பது கோட் வரை போட்டிருக்கிறார்கள், நான் பன்னிரண்டில் அலுத்துப்போய் நிறுத்தினேன், விரலுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் உள்ளே இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வகைப் பசைகள் முழுதாக இறுக நான்கு வாரம் வரை ஆகும். அதுவரை டிராயரைச் சற்றுத் திறந்தே வையுங்கள், மேலே கனமான எதையும் வைக்காதீர்கள், சூடான பாத்திரம் பிறகும் வேண்டாம். மழைநாளில் வார்னிஷ் அடித்தால் சில சமயம் மேலே பனி படர்ந்த மாதிரி வெளுப்பாக நிற்கும், நல்ல காய்ந்த நாளாகப் பார்த்து அடியுங்கள்.

நடுவில் எது கெட்டாலும் பயமில்லை. கெட்ட துண்டை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, வெள்ளை ஒரு கோட் அடித்து, எடுத்துவைத்த இன்னொரு பிரதியை ஒட்டலாம். என் பெட்டி மூடியில் இப்போது சிரிப்பது நான்காவது பாட்டி. தலைமுடி போன அசலை அப்படியே ஸ்கேன் செய்து, போன இடத்தைக் கணினியில் கறுப்பாக நிரப்பிப் பிரிண்ட் எடுத்தது.

இன்னும் ஒரே ஒரு வேலை, ஐந்து நிமிஷம்தான். டிராயரைக் கழற்றிக் கவிழ்த்து, அடிப்பலகையில் பென்சிலால் எழுதிவையுங்கள்: இடது ஓரம் யார், நடுவில் யார், எந்த வருஷம், எந்த வீட்டு வாசல். பேனா வேண்டாம், வார்னிஷ் பட்டால் மை கலங்கும்.